கொஞ்சம் லைன்ல இருங்க

பிறந்த ஏழாவது நிமிடத்தில் அவள் அழுத அழுகையைக் கேட்டு, மருத்துவமனைக் காவலாளி எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து மணியடிக்க ஓடினார். அப்பா இந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே அவளுக்குச் சைரன் என்ற பெயர் நிலைத்துவிட்டது. பள்ளிப் பதிவேட்டில் வேறொரு அழகான பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுநர். அக்கா, புத்தகத்தைத் தவிர வேறெதையும் சட்டை செய்யாத படிப்பாளி. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் நான்காவது மாடியில் அவர்கள் வீடு. சைரனுக்கு ஆறு வயதானபோது ஒரு விடுமுறை நாளில் அந்தக் கட்டடத்து லிஃப்டையே அப்பா பழுதுபார்க்க வேண்டி வந்தது. திறந்திருந்த கதவுக்கு இரண்டடி தள்ளி, சட்டைக் காலரைப் பிடித்தபடி மகளை நிறுத்தி, உள்ளே தெரிந்த இருட்டுக் குழாயைக் காட்டினார். அவள் சும்மா ஒரு 'ஓ' போட்டாள். அந்த 'ஓ' மேலே ஏறி, மொட்டை மாடி வரை போய், இன்னும் நாலைந்து 'ஓ'க்களைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தது.

"அப்பா! உள்ள யாரெல்லாம் இருக்காங்க?"

"எல்லாம் நீதாண்டி" என்றார் அப்பா.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவளை லிஃப்ட் வாசலிலிருந்து கிளப்ப யாராலும் முடியவில்லை. பள்ளி விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு, கதவு இடுக்கில் வாயை வைத்துப் பாட ஆரம்பித்துவிடுவாள். வானொலியில் கேட்டது, விளம்பரத்தில் கேட்டது, சொந்தமாகக் கட்டிவிட்டது, எல்லாம் கலந்து கட்டி பன்னிரண்டு மாடிக்கும் விநியோகமானது. ஒன்பதாவது மாடித் தையல்காரம்மா ஒருநாள் விறுவிறுவென்று இறங்கி வந்தார்.

"உங்க பொண்ணு பாடுற வேகத்துக்கு என் கால் தானா மிஷின மிதிக்குது. ஒரு பாவாடைய ரெண்டு தடவ தச்சுட்டேன்!"

"அப்ப கொஞ்சம் மெதுவாப் பாடச் சொல்றேன்" என்றாள் அம்மா.

"மெதுவா வேணாம். நாளைக்கு எனக்கு நிறைய வேலை இருக்கு. இதே வேகத்துலயே பாடச் சொல்லுங்க!"

பள்ளியில் இந்தப் புகழ் எடுபடவில்லை. கூட்டுப் பாட்டில் முப்பது பிள்ளைகளின் குரலையும் இவள் ஒருத்தி விழுங்கிவிட்டாள் என்று பாட்டு டீச்சருக்குக் கோபம். "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்று கடைசி வரிசையில் நிறுத்தினார். ஆண்டுவிழாவன்று சைரன் சொன்னபடி முதல் இரண்டு அடிக்கு வாயை மட்டும்தான் அசைத்தாள். மூன்றாவது அடியில் தாளம் சூடுபிடித்ததும் தன்னை மறந்துவிட்டாள். முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த சிறப்பு விருந்தினர் திடுக்கிட்டு எழுந்து, விழா முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். டீச்சரும் தட்டத்தான் வேண்டியிருந்தது.

படிப்பு முடிந்ததும் அவளுக்குக் கிடைத்தது சலவை இயந்திரக் கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர் சேவை மையத்தில் வேலை. ஒரு நீளமான கூடம். தோளளவு தடுப்புகளுக்குள் நாற்பது பேர். ஒவ்வொருவர் தலையிலும் ஹெட்செட், முன்னால் ஒரு கணினி, பக்கத்தில் இயந்திரக் கோளாறுகளின் பட்டியல். இ-பதினெட்டு என்றால் தண்ணீர் வெளியேறவில்லை. இ-இருபத்திமூன்று என்றால் தரையே நனைந்துவிட்டது. எந்தக் கோளாறாக இருந்தாலும் நான்கு நிமிடத்துக்குள் பேசி முடிக்க வேண்டும். அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கண்காணிக்கும் மேலாளர் அம்மாவுக்கு 'நாலு நிமிஷம்' என்றே பட்டப்பெயர். அவர் பின்னால் வந்து நின்றால் முதுகு தானாக நிமிரும்.

சைரன் ஒரு வருடம் சமர்த்தாக வேலை பார்த்தாள். விவரம் தேடும்போது வாடிக்கையாளரை ஹோல்டில் போடுவாள், அவர்கள் காதில் கம்பெனியின் பியானோத் துணுக்கு ஓடும், இவள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே தேடுவாள். ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தப் பியானோத் துணுக்கு செத்துப்போனது. ஹோல்டில் போட்டால் மயான அமைதி. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து ஆட்கள் வைத்துவிட்டு, திரும்பக் கூப்பிட்டு, முன்னிலும் இரண்டு மடங்கு கோபத்தில் கத்தினார்கள். "ஹோல்ட் போடாதீங்க, மியூட் போடாதீங்க, லைனைத் திறந்தே வச்சுத் தேடுங்க" என்று கூடம் முழுக்க உத்தரவு போனது.

பதினோரு மணிக்கு ஒரு பெண்மணி கூப்பிட்டார். வீட்டுக்குள் வெள்ளம். சைரன் வழக்கம்போல, "கொஞ்சம் லைன்ல இருங்க மேடம், பாத்துச் சொல்றேன்" என்றாள். மாடல் எண்ணைத் தேடிக்கொண்டிருந்த விரல்களோடு வாயும் தன் பாட்டுக்கு ஓடியது.

லைன்ல இரு, லைன்ல இரு,
போயிடாத, வந்துடறேன்.
ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்,
உனக்காகத்தான் தேடுறேன்.

அந்தப் பெண்மணி குறுக்கிட்டார்.

"ஏம்மா, இப்பப் பாடுனது நீயா?"

லைன் திறந்திருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "மன்னிச்சிடுங்க மேடம். வேணும்னு பண்ணல. ஃபில்டர் மூடி வலப்பக்கம் கீழ..."

"ஃபில்டர் கிடக்கட்டும். நான் நாற்காலி மேல ஏறி உக்காந்துதான் பேசறேன். இதுக்கு மேல நனைய ஒண்ணுமில்ல. அந்த ரெண்டாவது அடிய இன்னொரு தடவ பாடு."

சைரன் சுற்றுமுற்றும் பார்த்தாள். மேசைக்கு அடியில் குனிந்தாள். பாடினாள்.

அன்று மாலைக்குள் அந்தப் பாட்டுக்கு ஒரு சரணம் முளைத்தது. புதன்கிழமைக்குள் இன்னொன்று. துணி துவைக்கத் தெரியாமல் தவிக்கும் தனிக்கட்டை ஒருவர், வெள்ளைச் சட்டையெல்லாம் இளஞ்சிவப்பாகிப்போன கணக்காளர் ஒருவர், கதவு திறக்காமல் கல்யாண உடை உள்ளேயே மாட்டிக்கொண்ட மணப்பெண் ஒருத்தி, எல்லோரும் அவளிடம் கோபமாக வந்து சிரித்துக்கொண்டு போனார்கள். மணப்பெண் மட்டும் பாட்டைக் கேட்டு அழுதாள். ஆனால் கதவு திறந்துவிட்டது, சந்தோஷ அழுகைதான் என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தாள்.

வியாழக்கிழமை 'நாலு நிமிஷம்' அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் எச்சரிக்கைக் கடிதம் தயாராக இருந்தது.

"உன்னோட ஒரு போன் காலுக்குச் சராசரி நேரம் என்ன தெரியுமா? பதினோரு நிமிஷம். நாப்பது பேர்ல நீதான் கடைசி."

"தெரியும் மேடம்."

"ஏன்னு பதிவை எடுத்துக் கேட்டேன்."

அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். அறை முழுக்கச் சைரனின் குரல். முதல் பதிவில் மேலாளரின் முகம் கல்லாக இருந்தது. இரண்டாவதில் பேனாவை எடுத்தார். மூன்றாவதில் அந்தப் பேனா மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதைச் சைரன் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் பேனாவை டக்கென்று கீழே வைத்தார்.

"கையெழுத்துப் போடு. இனிமே பாட்டு கூடாது." கடிதத்தைத் திரும்ப வாங்கியபோது குரலைத் தாழ்த்தினார். "ரெண்டாவது சரணத்துல என்ன வார்த்தை சொல்றே? சரியாக் கேக்கல."

அவள் பாட்டை நிறுத்தியிருப்பாள். நிறுத்த வேண்டும் என்றுதான் வெள்ளிக்கிழமை காலை வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டே காலுக்கு ஒரு பெண் மூச்சு வாங்கப் பேசினாள். அவளுடைய உடைகள் எல்லாம் இயந்திரத்துக்குள் பூட்டிக்கொண்டனவாம். இரவில் போட்டிருந்த உடையோடே வேலைக்கு வந்திருக்கிறாளாம், மதியம் பெரிய மனிதர்கள் வருகிறார்களாம்.

"கொஞ்சம் லைன்ல இருங்க" என்றாள் சைரன். பிறகு நான்கு விநாடி அமைதி. அந்த நான்கு விநாடிக்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. பாடிவிட்டாள்.

அந்தப் பெண் ஊரே கேட்கும் காலை வானொலி நிகழ்ச்சியின் அறிவிப்பாளர். பாட்டு ஒன்றை ஓடவிட்டு, அந்த இடைவெளியில் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். ஓடிய பாட்டு நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. மைக் திறந்திருந்தது. 'ஒரே நிமிஷம், உனக்காகத்தான் தேடுறேன்' என்று முழு நாற்பது விநாடி, தேநீர்க் கடைகளிலும் டாக்சிகளிலும் சமையலறைகளிலும் சைரனின் குரல் ஒலித்தது. பாடியது எந்தக் கம்பெனிப் பெண் என்பதையும் அறிவிப்பாளர் சொல்லிவிட்டாள்.

அதே நேரத்தில் அம்மா முப்பத்தாறு பிள்ளைகளோடு பெரிய சாலையில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். பேருந்து வானொலியில் முதல் அடியைக் கேட்டதுமே குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது. ஓரமாக நிறுத்தி, கைப் பிரேக்கைப் போட்டுவிட்டு, இருக்கையிலிருந்து எழுந்து திரும்பினாள்.

"சத்தம் போடாதீங்க எல்லாரும்! அது என் பொண்ணு!"

பிள்ளைகள் நம்பவில்லை. பாட்டு முடிந்ததும் ஒரு வாண்டு, "திரும்பப் போடச் சொல்லுங்க ஆன்ட்டி" என்றது. அது தன் கையில் இல்லை என்பதால் அம்மாவே பாடிக் காட்டினாள். பள்ளிக்குப் போய்ச் சேர ஒன்பது நிமிடம் தாமதம். காரணம் எழுதும் கட்டத்தில் 'குடும்ப விஷயம்' என்று எழுதினாள்.

சேவை மையத்தில் ஒன்பது மணிக்குத் தொடங்கியது படையெடுப்பு. நாற்பது லைனும் நிரம்பி வழிந்தன.

"சொல்லுங்க சார், உங்க மெஷின்ல என்ன பிரச்சினை?"

"ஒரு பிரச்சினையும் இல்லம்மா. எங்ககிட்ட மெஷினே இல்ல. ஹோல்டுல போடுங்க."

"மேடம், மாடல் நம்பர் சொல்றீங்களா?"

"நாங்க இன்னும் கையாலதான் துவைக்கிறோம். அந்தப் பாடுற பொண்ணு வந்துட்டாங்களா?"

மதியம் 'நாலு நிமிஷம்' கையில் ஒரு தாளோடு வந்து அவள் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றார். தடுப்புகளுக்கு மேல் தலைகள் எழுந்தன.

"இதுவரைக்கும் முந்நூத்துப் பன்னெண்டு கால். அதுல மெஷின் கெட்டுப்போனது பதினேழு. மீதிப் பேரெல்லாம் உன்னால கெட்டுப்போனவங்க."

"என்னை வேலைய விட்டு அனுப்பிடுவீங்களா மேடம்?"

"கீழ ஒரு பொண்ணு நைட் டிரெஸ்ஸோட நிக்கறா. உன்னைப் பாட்டுப் பதிவுக்குக் கூட்டிட்டுப் போகணுமாம். உனக்கு மூணு நாள் லீவு போட்டிருக்கேன்." தாளை நீட்டினார். "காரணம்ங்கற இடத்துல தொண்டைன்னு எழுதியிருக்கேன். பொய் இல்லையே?"

ஒலிப்பதிவுக் கூடம் ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. இசையமைப்பாளர் பேசுவதே கொட்டாவி விடுவது போலிருக்கும். அறிவிப்பாளர் அவரைத் 'தூக்கம்' என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் கீபோர்டில் கை வைத்ததும் அந்த மனிதருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சுறுசுறுப்பு வந்ததோ. நான்கே நிமிடத்தில் சைரனின் பாட்டுக்கு அடியில் ஒரு தாளத்தைப் போட்டுக் காட்டினார். அவள் கால் தரையில் நிற்கவில்லை.

அதெல்லாம் பதிவறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தவரைதான். அந்தப் பக்கம் போய், தட்டு மாதிரி வலை மாட்டிய பெரிய மைக் முன்னால் நின்றதும் எல்லாம் தலைகீழானது. பன்னிரண்டு மாடி கேட்ட குரல் எறும்புக்குக்கூடக் கேட்காமல் வந்தது. ஒரு தடவை, ஐந்து தடவை, பதினான்கு தடவை. அறிவிப்பாளர் தண்ணீர் கொடுத்தாள், தேன் கொடுத்தாள், விளக்கை அணைத்துப் பார்த்தாள்.

"எனக்கு வராதுங்க" என்றாள் சைரன். கண்ணில் நீர் கட்டிவிட்டது. "எதிர்ல யாருமே இல்ல. யாருக்குப் பாடறது?"

'தூக்கம்' தலையைச் சொறிந்தார். எழுந்துபோய் மூலையில் கிடந்த ஒரு பழைய ஹெட்செட்டை எடுத்துவந்து அவள் தலையில் மாட்டினார். திரும்பி வந்து தன் மைக்கில் பேசினார்.

"ஹலோ. சலவை மெஷின் கம்பெனியா?"

அவளுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. "ஆமா சார், வணக்கம். சொல்லுங்க, உங்க மெஷின்ல என்ன பிரச்சினை?"

"சுத்தறப்ப ஆடுதும்மா. ஆடிக்கிட்டே நகருது. நேத்து சமையலறைல இருந்துச்சு, இன்னிக்கு வாசல்ல நிக்குது. நாளைக்கு பஸ் ஏறிடும்னு பயமா இருக்கு."

சைரனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கினாள். "கொஞ்சம் லைன்ல இருங்க சார்" என்றாள்.

அவர் தாளத்தை ஓடவிட்டார். அவள் பாடினாள். முதல் முறையிலேயே முடிந்தது. கடைசி அடியில் அடக்கிவைத்திருந்த சிரிப்பு வெடித்துவிட்டது. அதை எடுத்துவிடலாம் என்றாள் அறிவிப்பாளர். "கை வச்சா கையை ஒடிச்சிடுவேன்" என்றார் 'தூக்கம்', முழு விழிப்போடு.

பாட்டு வெளியான வாரத்தில் சைரனுக்குத் தலைகால் புரியவில்லை. பழக்கடையில் அந்தப் பாட்டு. பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் அந்தப் பாட்டு. அப்பா பழுதுபார்க்கப் போன வங்கிக் கட்டடத்தின் லிஃப்டுக்குள்ளேயே அந்தப் பாட்டு ஓட, வேலையை விட்டுவிட்டு ஏழு தடவை மேலும் கீழும் போய்வந்தார். அக்கா தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது மேற்பார்வையாளர் முணுமுணுத்துக்கொண்டே போக, நான்காம் கேள்விக்கு விடையாக 'உனக்காகத்தான் தேடுறேன்' என்று எழுதி, பதறிப்போய் அதை அடித்தாள். வீட்டுக்கு வந்து, "உன்னால ஒரு மார்க் போச்சுடி" என்று சண்டை பிடித்தவள், அப்படியே அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். இருவரும் குதித்த குதிப்பில் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறிவந்தார், வந்தவரும் குதித்தார்.

இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள்: திறந்தவெளி மைதானத்தில் ஒரு மதிய நிகழ்ச்சி. பன்னிரண்டாயிரம் பேர். சைரனுக்கு நாற்பது நிமிடம். சரி சரி என்று ஒப்புக்கொண்டு போனை வைத்த பிறகுதான் அக்கா கேட்டாள்.

"உன்கிட்ட மொத்தம் எத்தன பாட்டு இருக்கு?"

"மூணு."

"மூணும் சேந்து எவ்வளவு நேரம்?"

சைரன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "பதினோரு நிமிஷம்."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். 'தூக்கம்' அலட்டிக்கொள்ளவில்லை. "மெதுவா வாசிப்போம்" என்றார்.

அன்று மேடையில் யாராலும் மெதுவாக வாசிக்க முடியவில்லை. ஏறியதும் கூட்டம் எழுப்பிய இரைச்சல் சைரனை ஒரு அடி பின்னால் தள்ளியது. பிறகு அவள் வாயைத் திறந்தாள். மூன்று பாட்டும் பத்தே நிமிடத்தில் பறந்துவிட்டன. முதல் பாட்டை இன்னொரு தடவை பாடினாள். பதினான்கு நிமிடம். மேடையோரத்தில் நிகழ்ச்சி நடத்துகிறவர் கடிகாரத்தைக் காட்டி இரண்டு கையையும் விரித்தார். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

ஒருவரும் நகரவில்லை. முன்வரிசையில் ஒரு பருத்த அம்மாள் மஞ்சள் குடையைச் சுழற்றிச் சுழற்றி ஆடிக்கொண்டிருந்தார். குடைக் கம்பிகளிலிருந்து தெறித்த நீர் சுற்றியிருந்த இருபது பேரைக் குளிப்பாட்டியது. அவர்கள் திட்டுவதற்குப் பதிலாக அவரைச் சுற்றி வட்டமாக ஆடினார்கள். சைரன் டிரம்ஸ்காரரைத் திரும்பிப் பார்த்தாள். "எதாவது அடிங்கண்ணா!" என்று கத்தினாள். அவர் எதையோ அடித்தார். 'தூக்கம்' கண்ணை மூடிக்கொண்டு கீபோர்டில் அவர் பின்னாலேயே ஓடினார். சைரன் கண்ணில் பட்டதையெல்லாம் பாட ஆரம்பித்தாள்.

மஞ்சக்குடை அக்கா, மழைய கொஞ்சம் சுத்துக்கா!
செருப்பு தொலச்ச அண்ணா, சேத்துலயே குத்துண்ணா!

குடைக்கார அம்மாள் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல் அலறினார். செருப்பைத் தொலைத்த மனிதர் இன்னொரு செருப்பையும் கழற்றி வானத்தில் வீசினார். கூட்டம் ஒவ்வொரு அடியையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பாடியது. தோளில் உட்கார்ந்திருந்த குழந்தை, நனைந்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்த காவல்காரர், ஒரே மழைக்கோட்டுக்குள் நுழைந்திருந்த மூன்று தோழிகள், எல்லோருக்கும் ஒரு அடி கிடைத்தது. நிகழ்ச்சி நடத்துகிறவர் இப்போது போதும் போதும் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

கீழே இறங்கியபோது சைரனின் தலைமுடியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. அம்மா துண்டோடு ஓடிவந்தாள். அப்பா அவள் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தார். 'தூக்கம்' மூச்சிரைக்க வந்து நின்றார்.

"அடுத்த ரெக்கார்டு அதுதான். அந்தக் குடைப் பாட்டு. நாளைக்கே எடுத்துடலாம். எங்க, ஒரு தடவ பாடு."

சைரன் வாயைத் திறந்தாள். மூடினாள். ஒரு வார்த்தைகூட நினைவில்லை.

"விளையாடாத."

"சத்தியமா ஞாபகம் இல்லைங்க!" என்று சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவருக்கும் ஞாபகமில்லை. டிரம்ஸ்காரரோ தான் என்ன அடித்தேன் என்றே தெரியாது என்றார்.

மறுநாள் அறிவிப்பாளர் வானொலியில் ஊரைக் கேட்டுக்கொண்டாள். மைதானத்தில் போனில் படம் பிடித்தவர்கள் அனுப்புங்கள் என்று. அறுநூறு பேர் அனுப்பினார்கள். சைரனும் அக்காவும் 'தூக்கமும்' நிலவறையில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஓட்டினார்கள். யாரோ எழுதிய பாட்டைக் கற்றுக்கொள்வதுபோலச் சைரன் தன் பாட்டைத் தானே எழுதி எடுத்தாள். ஒரு படத்தில் பாதி வரி கிடைத்தது, இன்னொன்றில் மீதி. எல்லா அடியும் கிடைத்தன, மூன்றாம் சரணத்தின் கடைசி அடியைத் தவிர. அந்த இடத்தில் அறுநூறு போனிலும் குடைக்கார அம்மாளின் அலறல்தான் கேட்டது.

எத்தனையோ வார்த்தைகளை அங்கே வைத்துப் பார்த்தார்கள். எதுவும் அந்த அலறலுக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. கடைசியில் அந்த அம்மாளையே தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். அவர் குடையோடு வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்ப் பெரிய மைக் முன்னால் கொஞ்சமும் கூச்சமில்லாமல் நின்று, "எப்பக் கத்தணும்?" என்று கேட்டார். "இது இறங்கறப்ப" என்று சைரன் கையை உயர்த்தினாள்.